உறையவைத்த டோர்ட்டியா: ஓரம் விறைக்கிறது, நடுவில் பிசுபிசுக்கிறது

அரைவேக்காடு

டோர்ட்டியாவை (மெக்சிகோவின் மெல்லிய தட்டை ரொட்டி) ஒரே நாளில் மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் போட்டுவிட்டால் வாரம் முழுக்க வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கோதுமை டோர்ட்டியா ஓரளவு சமாளித்துவிடுகிறது. மக்காச்சோள மசா மாவில் (சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்த மாவு) சுட்டதுதான் படுத்துகிறது. அடுக்கு அப்படியே ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. பிரித்தால் கிழிகிறது. முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, காலையில் எடுத்து மடித்தால் நடுவில் பட்டென்று வெடிப்பு. ஓரம் விறைப்பு, உள்ளே பிசுபிசுப்பு.

கோளாறு உறையவைப்பதிலா, உருகவைப்பதிலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுடுகல்

முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். சுட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பையில் போடுகிறீர்கள்? இடையில் தாள் வைக்கிறீர்களா? என்ன மாதிரிப் பை?

அரைவேக்காடு

துணியில் சுற்றி வைப்பேன், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பைக்குள் போய்விடும். தாள் கிடையாது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பைதான், வாயை முறுக்கிக் கட்டிவிடுவேன்.

மாவுக்கை

பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. கை பொறுக்கும் சூடு என்பது இன்னும் ஆவி விடுகிற சூடு. பைக்குள் போனதும் அந்த ஆவி பிளாஸ்டிக்கில் பட்டு நீராகி, டோர்ட்டியாக்களுக்கு நடுவே இறங்கும். ஃப்ரீசரில் அதுவே பனியாகி இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். உருகும்போது திரும்பவும் நீர். நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பு அதுதான்.

அதற்காகத் திறந்தவெளியில் பரப்பி மணிக்கணக்கில் ஆறவிடவும் கூடாது, ஓரம் காய்ந்துவிடும். சுட்டவுடன் துணிக்குள் அடுக்கி மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் ஆவி எல்லாவற்றையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவரும். அப்புறம் துணியை விரித்து, தனித்தனியாகப் பரப்பி, ஒருமுறை திருப்பிப் போட்டு, தொட்டால் சூடு தெரியாத நிலை வரை ஆறவிடுங்கள். மெல்லியது என்பதால் சில நிமிடங்களில் ஆறிவிடும். ஆறியதும் உடனே பைக்குள். இந்த இடைவெளியை இழுத்தடிக்காமல் இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டிரண்டுக்கு நடுவில் பட்டர் பேப்பர். கோதுமையில் கொழுப்பு சேர்த்துப் பிசைவதால் தாள் இல்லாமலும் ஓரளவு பிரிந்து வந்துவிடும். மசாவில் பொதுவாகக் கொழுப்பே சேர்ப்பதில்லை, பசைப்புரதமும் (குளூட்டன்) கிடையாது. ஒட்டினால் இழுத்துப் பிரிக்கத் தாங்காது. அதனால் மக்காச்சோள டோர்ட்டியாவுக்கு ஒவ்வொன்றுக்கும் இடையில் தாள் வைப்பது அதிகப்படியான வேலை இல்லை.

பை கனமான ஜிப் பையாக இருக்கட்டும். ஒரு வேளைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும் ஒரு பையில். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, தட்டையான தட்டின் மேல் படுக்கவைத்து உறையவிடுங்கள். கல்லாக இறுகிய பிறகு நிறுத்தி வையுங்கள், அடுக்கி வையுங்கள், உங்கள் இஷ்டம். முதலிலேயே வளைந்து உறைந்தால் அந்த வளைவிலேயே உடையும்.

நிதானம்

இவ்வளவு சடங்கு தேவையா? கடையில் வாங்கும் பாக்கெட்டை நான் பிரிக்காமல் அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுவேன். எடுக்கும்போது ஒன்றுகூட ஒட்டியதில்லை, வெடித்ததும் இல்லை. தாள், தட்டு, துணி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாவுக்கை

கடைச் சரக்கையும் வீட்டுச் சரக்கையும் ஒப்பிடவே முடியாது நண்பரே. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பலவற்றில் குவார் கம் அல்லது செல்லுலோஸ் கம் இருக்கும். அவை நீரைப் பிடித்துவைத்து, நாள் கடந்தாலும் வளையும் தன்மையைக் காப்பாற்றும். கால்சியம் புரோபியோனேட், பொட்டாசியம் சார்பேட் போன்றவை பூஞ்சையைத் தள்ளிப்போடும். அதோடு, ஆலையில் நன்றாக ஆறவைத்த பிறகுதான் அடைக்கிறார்கள். வீட்டில் மாவு, நீர், உப்போடு முடிந்துவிடுகிறது. அந்தக் குறையைப் பொதிவதில்தான் ஈடுகட்ட வேண்டும்.

பிரித்த பாக்கெட்டை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் கடை டோர்ட்டியாவும் வறளும், அதையும் பார்த்திருக்கிறேன்.

வேதிமூலை

மாவுக்கை சொன்னதெல்லாம் சரி. ஆனால் அரைவேக்காடு எழுதியதில் எல்லோரும் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது: "முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி." என் கணிப்பில் வெடிப்புக்கு முதல் காரணம் அதுதான். ஃப்ரீசரின் மேல் பழி போட வேண்டாம்.

டோர்ட்டியா விறைப்பதை நாம் "காய்ந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது காய்ந்திருப்பதில்லை. சுடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, அவற்றின் ஒழுங்கு குலைகிறது. அதனால்தான் சூடாக இருக்கும்போது அவ்வளவு மிருது. ஆறும்போது அந்த மூலக்கூறுச் சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்காகச் சேர்கின்றன. அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலி சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிடும், கிளைவிட்ட அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாகச் சேரும். நீர் உள்ளேயே இருந்தாலும் பண்டம் விறைத்துவிடும். ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தாலும் பழசாகிறது, சூடாக்கினால் மீள்கிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852இலேயே காட்டியிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த விறைப்பு மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, சரியாக ஃப்ரிட்ஜ் இருக்கும் 4 டிகிரி பக்கத்தில். அறை வெப்பத்தில் அதைவிட மெதுவாக நடக்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட நின்றே போகும். அதாவது ஃப்ரீசர் டோர்ட்டியாவைச் சுட்ட நாளிலேயே நிறுத்திவைக்கிறது. நீங்கள் அதை எடுத்து, விறைக்க மிகத் தோதான இடத்தில் ஓர் இரவு முழுக்க வைக்கிறீர்கள்.

உறையும்போதும் இதே கணக்குதான். அந்த இடைப்பட்ட வெப்பநிலையைச் சீக்கிரம் கடக்க வேண்டும். மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்களும் பெரிதாக வளரும், அவை உள்ளே கிழித்த இடத்திலெல்லாம் உருகும்போது நீர் கசியும். மாவுக்கை சொன்ன சின்னச் சின்னத் தட்டைப் பைகளின் பலன் இதுதான். முப்பதை ஒரே அடுக்காகப் போட்டால் நடுவில் இருப்பது உறைய நெடுநேரம் எடுக்கும்.

நிதானம்

ஒரு நிமிஷம். உறைந்த உணவை ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிடுவதுதான் பாதுகாப்பு என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறீர்கள். இழையைப் படிக்கும் புதியவர் இறைச்சியையும் வெளியே வைத்து உருக்கப் போகிறார்.

வேதிமூலை

நியாயமான கேள்வி. இறைச்சி, மீன், பால் சேர்ந்தவை, ஏதாவது வைத்துச் சுருட்டிய டோர்ட்டியா, இவற்றுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ்தான். அதில் பேச்சே இல்லை. நான் சொன்னது எதுவும் வைக்காத வெறும் டோர்ட்டியாவுக்கு மட்டும். அது ரொட்டி ரகம். மூடிய பையில், அறை வெப்பத்தில், அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் உருகிவிடும் மெல்லிய பண்டம். உருகியதும் சூடாக்கிச் சாப்பிட்டுவிடப் போகிறோம், நாள் முழுக்க வெளியே கிடக்கப்போவதில்லை.

பாக்கெட்டில் எழுதியதும் தப்பில்லை. கம் சேர்த்த கோதுமை டோர்ட்டியா ஃப்ரிட்ஜில் இரவு கழித்தாலும் தாங்கும். வீட்டில் சுட்ட சோளம் அந்த ரகமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜில் விறைத்ததை மீட்கலாம். அமைலோபெக்டின் அடுக்குகள் சுமார் 60 டிகிரிக்கு மேலே போனால் கலைந்துவிடும், டோர்ட்டியா மறுபடி வளையும். ஆனால் இரண்டு நிபந்தனை: உள்ளே ஈரம் மிச்சமிருக்க வேண்டும், சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். அரைவேக்காடு, நீங்கள் சூடாக்கும் முன்பே மடித்துப் பார்க்கிறீர்களோ என்று சந்தேகம்.

அரைவேக்காடு

ஆமாம், மடித்து உள்ளே எல்லாம் வைத்துவிட்டு அப்புறம்தான் கல்லில் போடுவேன்.

சுடுகல்

வரிசையை மாற்றுங்கள். முதலில் சூடு, அப்புறம் மடிப்பு. சோள டோர்ட்டியா குளிர்ந்த நிலையில் மடியவே மடியாது, புதிதாகச் சுட்டதுகூட.

நான் சோளத்தை உருகவைப்பதே இல்லை. ஃப்ரீசரிலிருந்து நேரே கல்லுக்கு. இரும்புக் கல் மிதமான தீயைவிடச் சற்று அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும். கையை நனைத்து டோர்ட்டியாவின் இரண்டு பக்கமும் லேசாகத் தடவிப் போடுகிறேன். பக்கத்துக்கு முப்பது, நாற்பது விநாடி. முதல் பக்கம் போட்டவுடன் கொஞ்சம் விறைத்து நிற்கும், பயந்து அழுத்த வேண்டாம். பனி விட்டதும் தானாகப் படியும். திருப்பிப் போட்டு, ஓரம் தளர்ந்ததும் எடுத்துத் துணிக்குள். எல்லாம் முடிந்த பிறகு துணியை மூடி ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கல்லில் பெற்ற சூடு ஆவியாகிச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் மிருதுவாக்கும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் பலர் "உறையவைத்தது சரியாக வரவில்லை" என்கிறார்கள்.

தீ குறைவாக இருந்தால் எல்லாம் கெடும். மெல்ல மெல்லச் சூடேறும்போது ஈரம் பறந்துவிடும், மிஞ்சுவது அப்பளம்.

ஆவிபறக்க

நேரே கல்லுக்கு என்பது நாலைந்து பேருக்குச் சரி. கூட்டம் வந்தால் ஆவிதான் கைகொடுக்கும். உருகிய அடுக்கைக் கனமான துணியில் சுற்றி, நீராவிப் பாத்திரத்தின் தட்டில் வைத்து மூடுங்கள். மூடியின் உள்பக்கம் சேரும் நீர் சொட்டாமல் துணியின் நுனிகளை மேலே மடித்துவிடுங்கள். நீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு, திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். அடுப்பை அணைப்பதுதான் சூட்சுமம். எரியவிட்டால் அடியில் இருப்பது கூழாகிவிடும்.

ஓவன் இருப்பவர்கள் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 175 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கோதுமைக்கு இது நன்றாகவே வரும்.

கண்ணாடிக்கதவு

மைக்ரோவேவைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரில் சுற்றி அரை நிமிடம். முடிந்தது.

சுடுகல்

முடிந்ததுதான். இரண்டு நிமிடம் கழித்துக் கடித்துப் பாருங்கள், தோல் மாதிரி இழுக்கும்.

கண்ணாடிக்கதவு

இரண்டு நிமிடம் ஏன் காத்திருக்க வேண்டும்? எடுத்தவுடன் சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை. தனியாக இருக்கும் ஒருவருக்கு இரண்டு டோர்ட்டியாவுக்காக இரும்புக் கல்லைக் காயவைக்கச் சொல்வது அநியாயம்.

வேதிமூலை

இருவரும் சொல்வது உண்மைதான். மைக்ரோவேவில் சிக்கல் கருவியில் இல்லை, உறைந்த அடுக்கை அப்படியே உள்ளே வைப்பதில்தான். பனிக்கட்டி நுண்ணலையை நீர் அளவுக்கு உறிஞ்சாது. ஓர் ஓரம் முதலில் உருகினால் அங்கே இருக்கும் நீர் எல்லா ஆற்றலையும் இழுத்துக்கொண்டு கொதிக்கும், நடு இன்னும் கல்லாகவே கிடக்கும். ஓரம் விறைப்பு, நடுவில் பிசுபிசுப்பு என்ற அதே புகார் இங்கேயும் வரும்.

குறைந்த ஆற்றலில், அதாவது டிஃப்ராஸ்ட் நிலையில், முதலில் உருக்கி, ஒன்றிரண்டாகப் பிரித்து, அதற்கப்புறம் ஈரத்தாளில் சுற்றி முழு ஆற்றலில் சில விநாடிகள் வைத்தால் போதும். அளவு மீறினால் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும், கோதுமை ஆறும்போது இழுவையாகிவிடும். அலுமினியத் தாளோடு மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள்.

அரைவேக்காடு

எல்லோருக்கும் நன்றி. அடுத்த முறைக்குச் சரி. ஏற்கெனவே ஃப்ரீசரில் கட்டியாகக் கிடப்பதை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வரவில்லை.

மாவுக்கை

கத்தியைத் தொடாதீர்கள். உறைந்த டோர்ட்டியா வளையாது, நெம்பினால் உடையும், கையும் வெட்டிக்கொள்ளும். பையைத் திறக்காமல் வெளியே வையுங்கள். திறக்காமல் என்று அழுத்திச் சொல்கிறேன். குளிர்ந்த பண்டத்தின் மேல் அறைக் காற்றின் ஈரம் நீராகப் படியும். பை மூடியிருந்தால் அந்த நீர் பைக்கு வெளியே படியும், துடைத்துவிடலாம். திறந்திருந்தால் டோர்ட்டியாவின் மேலேயே படிந்து ஊறும். தொட்டால் குளிர்ச்சி தெரியாத வரை பொறுத்திருந்து அப்புறம் பிரியுங்கள்.

பிரிக்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், அடுக்கை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் வளைத்துவிடுங்கள், இடையில் காற்றுப் புகும். அப்படியும் வராததை ஆவியில் காட்டினால் வரும். அதற்கும் மசியாததைப் பொரிக்க ஒதுக்கிவிடுங்கள்.

புதுவரவு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சுட்டதை உறையவைப்பதற்குப் பதில் மாவையே உறையவைத்தால் தினமும் புதிதாகச் சுடலாமே?

மாவுக்கை

கோதுமையில் முடியும். உருண்டைகளாக உருட்டி, லேசாக எண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொடாமல் உறையவிட்டுப் பின் பையில் போடலாம். உருகியதும் உடனே தேய்க்காமல் கொஞ்ச நேரம் மூடிவைத்தால் சுருங்காமல் தேயும். பேக்கிங் பவுடர் போட்ட மாவு கொஞ்சம் உப்பல் குறையும், அவ்வளவுதான்.

மசா மாவில் எனக்குப் பிடிக்கவில்லை. உருகியதும் உதிரியாகப் போகிறது, மறுபடி நீர் தெளித்துப் பிசைந்து ஈரம் பிடிக்கவிட வேண்டும். அந்த நேரத்தில் புதிதாகவே கலந்துவிடலாம்.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது அரைவேக்காட்டு முறை (இழையைத் தொடங்கியவரைச் சொல்லவில்லை!). கோதுமை டோர்ட்டியாவைக் கல்லில் பக்கத்துக்கு இருபது, முப்பது விநாடி மட்டும் போட்டு, நிறம் மாறி ஆனால் புள்ளி விழாத பதத்தில் எடுத்து, ஆறவைத்து, தாள் வைத்து உறையவிடுங்கள். வேண்டும்போது உருக்கி மீதியைச் சுடலாம். முழுதாகச் சுட்டதைச் சூடாக்குவதைவிட இது மிருதுவாக வரும். உள்ளே மாவு இன்னும் முழுதாக வேகவில்லை என்பதை நினைவில் வைத்து, சுடாமல் சாப்பிடாதீர்கள்.

நிதானம்

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். இன்னும் சில கேள்விகள். எத்தனை நாள் வைக்கலாம்? உருகியதை மறுபடி உறையவைக்கலாமா? மின்சாரம் போனால்?

வேதிமூலை

மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருந்தால் கிருமி வளராது, ஆகவே கெட்டுப்போகும் என்ற பயம் இல்லை. இறங்குவது தரம். பைக்குள் காற்று இருந்தால் பனி நேராக ஆவியாகி, டோர்ட்டியாவில் வெளிறிய வறண்ட திட்டுகள் விழும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர்களில் வெப்பம் அவ்வப்போது ஏறி இறங்குவதால் இது சீக்கிரம் நடக்கும், அதனால் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். வீட்டில் சுட்டதை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது என் வழக்கம். முழுக்கோதுமை என்றால் இன்னும் சீக்கிரம்: முளைப்பகுதியின் எண்ணெய் ஃப்ரீசரிலும் மெதுவாகக் காறிப்போகும். பையின் மேல் தேதி எழுதாமல் இதெல்லாம் பேசிப் பயனில்லை.

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியதை மறுபடி உறையவைத்தால் ஆபத்தில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மிருது குறையும். வெளியே நெடுநேரம் கிடந்ததை வேண்டாம்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் வைத்தியம். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைப் பிடிக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதை "உறையவைத்தால் செத்துவிடும்" என்று உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு. சாகாது, தூங்கும். ஒரு டோர்ட்டியாவில் புள்ளி தெரிந்தால் அந்தப் பாக்கெட் முழுவதையும் போட்டுவிடுங்கள்.

புதுவரவு

மாவுக்கை பொரிக்க ஒதுக்கச் சொன்னாரே, அதை ஃப்ரீசரிலிருந்து நேரே எண்ணெயில் போடலாமா? மொறுமொறுப்பாக வருமா?

சுடுகல்

கூடவே கூடாது. ஒட்டியிருக்கும் பனி உருகி நீராகி எண்ணெயின் அடிக்குப் போகும், அங்கே ஒரே நொடியில் ஆவியாகும். ஆவியானால் நீர் சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெய் உங்கள் கைக்கும் முகத்துக்கும் வரும்.

முழுதாக உருக்கி, துணியால் ஒற்றி, துண்டாக வெட்டி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். மடிப்பதற்கு எது எதிரியோ அதுவே இங்கே நண்பன்: ஈரம் போன சோள டோர்ட்டியா எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் மொறுமொறுப்பாகும். 175 டிகிரி எண்ணெயில் குமிழி அடங்கும் வரை பொரித்தால் டோடோபோஸ் என்ற மெக்சிகோ சிப்ஸ். அதையே சல்சாவில் (மிளகாய், தக்காளிச் சாறு) புரட்டினால் சிலக்கிலேஸ் என்ற பலகாரம். அரைவேக்காட்டின் கட்டி முழுவதும் இதற்கே தீர்ந்துவிடும், பிரிக்கும்போது கிழிந்ததும் இதில் சேரும்.